இரண்டாவது குழாய்

சாக்கை இழுத்து இழுத்து மூடியும், மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த இரண்டு டின்களும் வெளியே தெரிந்தன. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்கு முன்னாலேயே என்ஜினை அணைத்துவிட்டு, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் அழகேசன் கிராணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நன்றாக விடியவில்லை. ஆனாலும் லயத்து இராஜம்மாவின் கண்ணுக்குத் தப்ப முடியுமா?

"என்ன கிராணியாரே, கம்பத்துப் பக்கமிருந்து டின்னு வருது? சம்சு சாராயமா லா?"

"வாயைக் கழுவு. பெட்ரோலு!"

"பெட்ரோலா? அப்புறம் எதுக்கு வண்டியத் தள்ளிக்கிட்டு வர்றீங்க?"

கிராணி நடையை எட்டிப் போட்டார். இன்றைக்குப் பார்த்தா இவள் முகத்தில் விழிக்க வேண்டும்!

மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கத்திலிருந்த அந்த ரப்பர் தோட்டத்துக்குச் சொந்தமாகவே தண்ணீர்க் குழாய் உண்டு. எண்பத்தாறில் ரோட்டுக்கு எதிரே இருந்த கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக்கு அரசாங்கக் குழாய் வந்ததும், எங்களுக்கும் அதுதான் வேண்டும் என்று இராஜம்மா லயம் முழுக்கக் கையெழுத்து வாங்கி மனுப் போட்டுவிட்டாள். அதை விசாரிக்கத்தான் தண்ணீர் இலாகா அதிகாரி சுப்பிரமணியம் இன்று வருகிறார்.

இருக்கிற குழாயில் நல்ல தண்ணீர் வந்தால், அதே இடத்துக்கு இரண்டாவது குழாய்க்கு அனுமதி கிடையாது. இதுதான் சட்டம். குழாய் போட வழிவிட்டால் எண்பது மரம் போகுமே என்று தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கவலை. "அதிகாரியைத் திருப்தியா அனுப்பு, அடுத்த மாசம் நீதான் பெரிய கிராணி" என்று சொல்லியிருந்தார். பதினோரு வருடமாகச் சின்னக் கிராணியாகவே இருந்த அழகேசனுக்கு இது போதாதா?

பத்து மணிக்கு அதிகாரி வந்து லயத்துக் குழாயைத் திறந்தார். தண்ணீர் ஓரளவு தெளிவாகவே விழுந்தது.

"விடியக்காலையிலேருந்து தொறந்து ஓட விட்டிருக்காங்கய்யா!" என்றாள் இராஜம்மா. "மத்த நாள்ல தேத்தண்ணி கலர்லதான் வரும். புள்ளைங்களுக்கு மாசம் ஒருக்கா வயித்தால போவுது."

"நம்பாதீங்க சார். நானும் இங்கதான் குடியிருக்கேன். என் சட்டையப் பாருங்க!" என்று கிராணி நெஞ்சை நிமிர்த்தினார். சட்டை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

அதிகாரி கொடியில் காய்ந்த லயத்துச் சட்டைகளைப் பார்த்தார். எல்லாம் மஞ்சள் பூத்துக் கிடந்தன. "அப்போ இதெல்லாம்?"

"பால் மரம் வெட்டுறவங்க சட்டை சார். ரப்பர் பால் கறை போகுமா?"

அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். இராஜம்மாவின் முகம் தொங்கிப் போயிற்று. பாவமாகத்தான் இருந்தது கிராணிக்கு. ஆனால் பெரிய கிராணியின் சுழல் நாற்காலி கண் முன்னால் வந்து நின்றதும் அந்த இரக்கம் பறந்துவிட்டது.

"வீட்டுல ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாம் சார்" என்று அழைத்துப் போனார். விடாக்கண்டியான இராஜம்மாவும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டாள்.

கிராணியின் மனைவி அம்சவள்ளி ராவாங் டவுனில் பிறந்து வளர்ந்தவள். தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் அவளுக்கு எதைத் தொட்டாலும் குறைதான். இன்று விருந்தாளி வருவார், முகம் சுளிக்காமல் டீ கொடு என்று கிராணி காலையிலேயே சொல்லி வைத்திருந்தார். வருகிறவர் யார், எதற்கு வருகிறார் என்று மட்டும் சொல்லவில்லை.

அவளும் சிரித்த முகமாகவே டீயை நீட்டினாள். அதிகாரி ஒரு வாய் குடித்தார். பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போட ஃபைலை மடியில் வைத்துக்கொண்டார்.

"அடடா, டீன்னா இதுதாம்மா டீ! தோட்டத்துத் தண்ணி இவ்வளவு நல்லா இருக்கே, அப்புறம் எதுக்கு இன்னொரு குழாய்?"

அம்சவள்ளிக்குப் பெருமை தாங்கவில்லை.

"தோட்டத்துத் தண்ணியா? அதுல நான் காலுகூடக் கழுவ மாட்டேங்க! இவருதான் தெனமும் கம்பத்துக் குழாயில ரெண்டு டின்னு புடிச்சிட்டு வர்றாரு!"