சும்மா ஒரு கனெக்‌ஷன்

"அந்த மூணாவது மட்டும் ஏன் போக மாட்டேங்குது?" என்றார் மேலாளர்.

சோதனைப் பொறியாளரான அவளுக்கும் அதுதான் புரியவில்லை.

அவளுடைய வேலை பொய்க் கூட்டம் சேர்ப்பது. வாடிக்கையாளர்களின் தகவல்களைச் சோதித்து உள்ளே விடும் ஃபயர்வால்களை நோக்கி, ஒரே மூச்சில் நாற்பதாயிரம் போலி இணைப்புகளை அனுப்புவாள். கூட்டம் பெருகினால் இரண்டு ஃபயர்வால் தானாகவே ஐந்தாக வேண்டும். கலைந்தால் ஐந்தும் தானாகவே இரண்டாக வேண்டும். யாரும் கை வைக்கக் கூடாது.

பெருகுவதில் குறையில்லை. குறைவதில்தான் இடக்கு. பத்து நாளாக மதியச் சோதனையில் மட்டும் மூன்றோடு நின்றுவிடுகிறது.

"யாரோ கையால பிடிச்சு வைக்கிறாங்க சார்."

"யாரோ என்ன யாரோ? அந்த அழுத்தமாத்தான் இருக்கும். சாயங்காலம் அறிக்கையில பேரை எழுதிக் கொடும்மா. நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

அழுத்தம் என்பது கண்காணிப்பு அறைக்காரருக்கு அலுவலகம் வைத்த பெயர். பத்து கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். அதுவும் 'ம்'.

மூன்று மணிக்கு அவள் லேப்டாப்போடு போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பொய்க் கூட்டத்தை அனுப்பினாள், ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கலைத்தாள். திரையில் ஐந்து நான்கானது. நான்கு மூன்றானது. அவர் விரல் மெதுவாக நகர்ந்து மூன்றாவதன் மேல் 'பிடித்து வை' என்று அழுத்தியது.

"கையும் களவுமா மாட்டினீங்க சார்."

"ம்."

"எதுக்கு இது?"

"சும்மாதான்."

சும்மா என்று எவர் சொன்னாலும் அவளுக்கு உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றும். பார்த்தாள். அந்த ஃபயர்வால் வழியாக இருந்தது ஒரே ஒரு இணைப்பு. நாற்பத்தேழு நிமிடமாக ஓர் எழுத்துகூடப் போகவில்லை, வரவில்லை. போக்குவரத்தைக் காட்டும் கோடு திரையில் தட்டையாகக் கிடந்தது.

"இதுல உயிரே இல்லையே சார். விட்டுடறேன்." மவுஸை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க!"

பின்வரிசையில் ஒருவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். "நம்ம அழுத்தமா கத்தினது? யாராவது தேதி குறிச்சு வைங்கப்பா!"

அழுத்தம் குரலைத் தாழ்த்தினார். "இது ஒரு மனநல ஆலோசனை மையத்துக்குப் போற லைன். மனசு சரியில்லாதவங்க அங்க எழுதிப் பேசுவாங்க. சில பேர் அந்த சாட் ஜன்னலைத் திறந்து வச்சுட்டு எழுத முடியாம உட்கார்ந்திருப்பாங்க."

"ஒரு மணி நேரமா?"

"ஆரம்பிக்கறது கஷ்டம் இல்லையா?"

அவள் கோட்டையே பார்த்தாள்.

"இந்த ஃபயர்வாலை நாம மூடினா லைன் அறுந்துடும். ஒரு தடவை அறுந்துச்சு. அப்புறம் பதினோரு நாள் அந்த ஆள் வரவே இல்லை. எனக்குச் சோறு இறங்கலை."

"என்ன எழுதறாங்கன்னு படிப்பீங்களா?"

"சேச்சே. அது பூட்டித்தான் போகும். இருக்காங்களா இல்லையான்னு மட்டும்தான் தெரியும்."

"அப்ப விதியையே மாத்திடலாமே? கடைசி ஆள் போற வரைக்கும் காத்திருக்கச் சொல்லி."

"மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். மேலாளர் கையெழுத்துப் போடலை. சும்மா கிடக்கிற லைனுக்கு எதுக்கய்யா காவல்னு கேட்டார்."

"இதையெல்லாம் அவர்கிட்ட விளக்கமாச் சொல்ல வேண்டியதுதானே? வேலை போகப்போகுது சார் உங்களுக்கு!"

"சொல்ல முடியாது."

"ஏன்? யாரு அந்த ஆள்? எங்கேருந்து வர்றாங்க?"

அவர் உள்ளங்கையை விரித்துத் திரையின் வலது ஓரத்தில் வைத்து மறைத்துக்கொண்டார்.

இருவரும் காத்திருந்தார்கள். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் கோடு துளி மேலே எழும்பியது. ஒரு சொல் இருக்கும். உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பதில். மறுபடி இந்தப் பக்கம். அப்புறம் மழை பிடித்துக்கொண்ட மாதிரி விடாமல் இருபது நிமிடம்.

பிறகு இணைப்பு தானாகவே மூடிக்கொண்டது.

அழுத்தம் பிடியை விட்டார். மூன்று இரண்டானது.

"இப்ப எழுதிக்கோங்க. என் பேர்ல வர்ற ஒற்றெழுத்தை மட்டும் விட்டுடாதீங்க. எல்லாரும் விட்டுடறாங்க." காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

மேசைத் தொலைபேசி ஒலித்தது. மேலாளர். மூக்கடைத்த குரல்.

"யாரும்மா அது? தெரிஞ்சுதா?"

அவர் கை மறைத்திருந்த இடம் இப்போது திறந்து கிடந்தது. அவள் படித்தாள்.

புறப்பட்ட இடம்: இதே கட்டடம், மூன்றாம் மாடி, மேலாளர் அறை.

"யாருமில்லை சார். என் சோதனையிலதான் தப்பு" என்றாள்.