திரும்பிப் போகும் காலணிகள்

ஹீல்ஸின் அடியில் டேப் ஒட்டும்போது மட்டும்தான் ஜெரால்டின் நிதானமாக இருந்தாள்.

மற்றபடி காலையிலிருந்து அவள் ஒரு நிலையில் இல்லை.

நகரத்தின் பாணேர் பகுதியில் ஒரு பெரிய ஓட்டலில் ஃபேஷன் ஷோ. மேடைக்குப் பின்னால், கண்ணாடிகளுக்கும் உடுப்புகள் தொங்கும் ஸ்டாண்டுகளுக்கும் நடுவில், கடையிலிருந்து இரவலாக வந்த ஹீல்ஸ் வரிசையாக நின்றன. மாடல்கள் நடந்து முடித்ததும் அவை பெட்டிக்குள் ஏறிக் கடைக்கே திரும்பிவிடும்.

அடியில் ஒரு கீறல் இருந்தாலும் கடைக்காரர் எடுத்துக்கொள்ள மாட்டார். அதனால் ஒவ்வொன்றின் அடியிலும் டேப் ஒட்டி, ஓரத்தைப் பிளேடால் சீவ வேண்டும். பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு பெண்களுக்கும் அதுதான் வேலை.

“பாவம்ல அதை வாங்கப்போறவங்க? புதுசுன்னு நினைச்சுப் போட்டுப்பாங்க” என்று சிரித்தாள் கிருஷ்ணப்ரியா.

ஜெரால்டின் சிரிக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் வேலை செய்பவர்கள் எல்லோரும் கறுப்பு உடுத்த வேண்டும் என்பது விதி. கிருஷ்ணப்ரியா ஒரு பழைய கறுப்பு டி-ஷர்ட்டில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியெல்லாம் வடாபாவ் தூள். ஜெரால்டின் மொடமொடப்பான முழுக்கைச் சட்டையில், மேசையருகே நின்றபடியே ஒட்டினாள்.

உட்காரவில்லை. சுவரில் சாயவில்லை. குடிக்கச் சாய் வந்தது, வேண்டாம் என்றாள். கொஞ்சம் புழுக்கமாக இருந்தாலும் ஏசிக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டாள். கை மட்டும் அடிக்கடி பிடரிக்குப் போய், காலரை இழுத்துவிட்டுத் திரும்பியது.

“உக்காரேன்டி. பெரிய மகாராணியா நீ?”

“நின்னாத்தான் எனக்கு வேல ஓடும்.”

ஷோ முடிந்ததும் இருவரில் ஒருத்தியை மும்பைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தாள் மிருணாள் மேடம். எந்த மாடல் எதை உடுத்த வேண்டும் என்று முடிவு செய்பவள் அவள்தான். மும்பை போனால் அங்கேயே வேலைக்கு நின்றுவிடலாம்.

கிருஷ்ணப்ரியாவுக்கு மும்பை இல்லாவிட்டாலும் அடுத்த வருஷம் டிசைன் காலேஜ் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட ஜெரால்டினுக்கு இன்றைய சாயங்காலத்தை விட்டால் ஒன்றும் இல்லை.

காலையில் கட்கி வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தாள்.

“பாத்து நடந்துக்கோ புள்ள. எட்டு மணிக்குள்ள வந்துரு.”

பெண் பிள்ளையை வெளியே அனுப்பும் எந்த அம்மாவும் சொல்வதுதான்.

இசை ஆரம்பித்தது. அதற்குப் பிறகு யாருக்கும் யாருடைய முகமும் தெரியவில்லை. கைகள், கொக்கிகள், ஜிப்புகள், “சலோ, சலோ” என்ற மிருணாளின் குரல்.

கடைசி உடுப்பு ஒரு வெண்பட்டு கவுன். பின்னால் மயில்தோகை போல நீண்டு தரையில் புரண்டுவரும். மாடல் கண்ணாடிகளைச் சுற்றிக்கொண்டு மேடையை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தாள்.

யாருடைய முழங்கையோ இடித்தது. மேக்கப் மேசையிலிருந்த க்ரீம் குப்பி, மூடி தெறித்து, அவள் வரும் வழியில் விழுந்தது. தோல் நிறத்தில் ஒரு குழம்பு தரையில் வழிந்து பரவியது.

கிட்டத்தில் துணி இல்லை. காகிதம் இல்லை. மாடலின் கண்கள் மேடையில் இருந்தன.

ஜெரால்டின் ஒரு நொடி நின்றாள்.

பிறகு தொப்பென்று முட்டி போட்டு, இரண்டு கைகளாலும் தரையை வழித்துத் துடைத்தாள். முழங்கையால், மணிக்கட்டால், சட்டையின் முன்பக்கத்தால். மிச்சமிருந்ததன் மேல் அப்படியே கவிழ்ந்துகொண்டாள். வெண்பட்டு அவள் முதுகின் மேல் வழுக்கிக்கொண்டு மேடை ஏறியது.

வெளியே கைத்தட்டல் கேட்டது.

மிருணாள் வந்து அவளைத் தூக்கிவிடவில்லை. நின்று பார்த்தாள்.

“ஒரு நொடி யோசிச்சியே, என்ன யோசிச்ச?” என்று இந்தியில் கேட்டாள்.

ஜெரால்டின் குனிந்து சட்டையின் முன்பக்கத்தைப் பார்த்தாள்.

“மும்பையில அந்த ஒரு நொடி கிடைக்காது. வியாழக்கிழமை பெட்டியோட வந்து சேர்.”

கிருஷ்ணப்ரியாதான் முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஜெரால்டின் மரம்போல நின்றாள்.

பிறகு இருவரும் உட்கார்ந்து ஹீல்ஸிலிருந்து டேப்பை உரித்தார்கள். ஜெரால்டின் முதல்முறையாகத் தரையில் உட்கார்ந்தாள். சுவரில் சாய்ந்தாள். யாரோ நீட்டிய சாயை வாங்கிக் குடித்தாள்.

ஃபோன் அதிர்ந்தது. அம்மா.

“கெளம்பிட்டியா புள்ள? துணிக்கட ஒம்பதுக்கு அடைச்சிருவானாம். பில்ல மடங்காம பைபிளுக்குள்ள வச்சிருக்கேன். நீ வந்ததும் நேரா போயிருவோம்.”

“அம்மா, என்னைய மும்பைக்குக் கூட்டிட்டுப் போறாங்க.”

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சட்டையில ஒண்ணும் படலல்லா?”

ஜெரால்டின் தன் சட்டைக் கைகளைப் பார்த்தாள். கறுப்பின் மேல் க்ரீம் வெளுத்துக் காய்ந்துகொண்டிருந்தது.

“வந்து சொல்லுதேன்மா.”

நூல் வெட்டும் சின்னக் கத்திரியை எடுத்தாள். காலருக்குப் பின்னால் கைவிட்டு, காலையிலிருந்து பிடரியை அறுத்துக்கொண்டிருந்த விலை அட்டையை நறுக்கினாள்.

“என்னடி அது?” என்றாள் கிருஷ்ணப்ரியா.

“ஒண்ணுமில்ல. நூலு.”

உரித்த டேப் உருண்டைக்குள் அதை வைத்து அழுத்தினாள். பிறகு ஒரு ஜோடி ஹீல்ஸைத் திருப்பி, அடியில் ஏதாவது கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.