மூன்றாவது வளைவு

தொண்ணூற்றெட்டாம் வருடம், ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஜேசுதாசனுக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கார் ரேஸ் போட்டி. கம்ப்யூட்டரில் ஓடும் கார்தான், ஆனாலும் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மானப் பிரச்சினை. நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, பன்னிரண்டு பேர் பெயரும் கொடுத்துவிட்டார்கள். புதன்கிழமையிலிருந்து ஆட்டம் மட்டும் மூன்றாவது வளைவில் உறைந்து நின்றது.

சென்டர் இருந்தது மாமனார் ஞானதுரை கட்டடத்தின் முன்னறையில். அவர் பேண்டேஜ் துணி வியாபாரி.

"வெளயாட்டுக் கார் ஓட்டவா எடம் குடுத்தேன்? ஞாயித்துக்கெழம போட்டி மட்டும் ஒழுங்கா நடக்கல, திங்கக்கெழம இங்க துணிக்கட்ட அடுக்கிருவேன். பாத்துக்கோங்க மாப்ளே!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர்.

ஆட்டம் வெளிநாட்டுச் சரக்கு. நம் பையன்கள் அதை அப்படியே விடுவார்களா? ராஜபாளையத்துக்காரர்கள் சாலையோரம் ஒரு வெள்ளை நாய் கூடவே ஓடும்படி ஒரு ஃபைல் செய்து சேர்த்தார்கள். உடனே ஸ்ரீவில்லிபுத்தூர் ஜமால் முகமது, பாலிடெக்னிக் படிக்கிறவன், மூன்றாவது வளைவில் தன் ஊர்க் கோபுரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

சென்டரில் பாடம் நடத்தும் அருள்செல்வி வியாழக்கிழமை காலையில் முதலாவது கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

"நம்ம பயலுவ சேத்த ஃபைல் எல்லாத்தையும் வெளிய எடுத்துருவோம் சார். பொறவு ஒண்ணொண்ணா உள்ள விடுவோம். எது போனதும் நிக்குதோ, அதான் திருடன்."

நாயை விட்டாள், கார் ஓடியது. கோபுரத்தை விட்டாள், அதற்கும் ஓடியது. கடைசியாக ஒரு ஃபைல் மிஞ்சியது. பெயருக்குப் பதில் வெறும் எண். யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. அதை உள்ளே விட்டதும் மூன்றாவது வளைவில் கார் நின்றது.

"பஸ்ஸுல ஒரே சீட்டுக்கு ரெண்டு பேர் துண்டு போட்ட கதைதான் சார். கோபுரம் நிக்கிற எடத்துல இதுவும் நிக்கப் பாக்குது. என்னன்னு தெறந்து பாப்பமா?"

"பாம்பப் புடிச்சுத் தடவிப் பாப்பாங்களா? அழிச்சுத் தள்ளும்மா!"

அழித்தாள். வெள்ளிக்கிழமை காலை அதே ஃபைல் அதே இடத்தில் இருந்தது. வந்த நேரம் காலை ஆறு பத்து என்று கம்ப்யூட்டரே காட்டிக் கொடுத்தது. சென்டர் திறப்பது ஒன்பது மணிக்கு. பூட்டு உடையவில்லை. ஒரு சாவி ஜேசுதாசன் இடுப்பிலும், மற்றது மாமனார் வீட்டு ஆணியிலும் இருந்தன.

சாயங்காலம் ஜமால் வந்ததும் ஜேசுதாசன் அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஃபிளாப்பியை எடுத்தார்.

"ஏலே, உள்ளதச் சொல்லு. ராஜபாளையத்துக்காரன் ஜெயிச்சுருவான்னுதான இந்த வேல பாக்குத?"

"அல்லா மேல ஆணையா நான் இங்க எதையும் போடல அண்ணாச்சி" என்றான் ஜமால். சொல்லும்போது சிரிப்பை அடக்கினான். அது ஜேசுதாசனுக்குச் சுருக்கென்று தைத்தது.

இன்னொன்றும் உறுத்தியது. போட்டிப் பட்டியலில் பன்னிரண்டாவது பெயர், சோழபுரம் துரை, வயது பதினேழு. அந்தத் துரையை யாரும் கண்ணால் கண்டதில்லை. பெயர் கொடுத்துவிட்டுப் போனவன் இதே ஜமால்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ் ஐந்தே முக்காலுக்கே வந்துவிடும். கள்ளச்சாவி போட்டு வருகிறான் என்று ஜேசுதாசன் கணக்குப் போட்டு முடித்துவிட்டார்.

சனிக்கிழமை விடியும் முன்பே வந்து, ஷட்டரை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டார். ஆறு மணிக்குப் பூட்டில் சாவி திரும்பியது. ஷட்டர் பாதி உயர்ந்தது. ஓர் உருவம் குனிந்து வந்து, முதல் கம்ப்யூட்டரைப் போட்டு, மடியிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்துச் செருகியது.

ஜேசுதாசன் பாய்ந்து கையைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் விட்டுவிட்டார்.

"மாமா! நீங்களா?"

ஞானதுரை திருதிருவென்று விழித்தார். ஜேசுதாசன் ஃபிளாப்பியைப் பிடுங்கினார்.

"ரூம் வேணும்னா கேட்டா குடுத்திருக்க மாட்டேனா? இப்படித் திருட்டுத்தனமா வந்து என் பொழப்பக் கெடுக்கணுமா?"

"கெடுக்கவா? நம்ம கம்பெனி போர்டு ஒண்ணு கோபுரத்துகிட்ட ரோட்டோரம் நின்னா நல்லாருக்குமேன்னு ஜமாலு தம்பிகிட்டச் சொன்னேன். செஞ்சு குடுத்தான். தெனமும் வந்து போடுதேன்."

"தெனமும் எதுக்குப் போடணும்?"

"பாட்டுக் கேசட்ட ஒவ்வொரு வாட்டியும் போட்டாத்தான பாடுது? இதும் அப்படித்தானன்னு நெனச்சேன்."

"சரி, போட்டி நடக்கலன்னா துணிக்கட்ட அடுக்குவேன்னு மெரட்டுனது?"

"நடந்தே ஆகணும்னுதான் மெரட்டுனேன்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சோழபுரம் துரை நான்தான் மாப்ளே. தெனமும் விடியக்காலம் ஓட்டிப் பழகுதேன். வயசு மட்டும் கொஞ்சம் கொறச்சுப் போட்டுட்டேன். எம் மக தேவகிருபைகிட்டச் சொல்லிராதீக, சிரிப்பா."

ஜேசுதாசனுக்குக் கோபம் போய்விட்டது. சந்தேகம் மட்டும் போகவில்லை.

"நீங்க அந்த போர்டப் போட்ட நாள்லேர்ந்து மூணாவது வளைவுல ஆட்டமே நின்னுபோகுது. தெனமும் ஓட்டுற உங்களுக்கு அது தெரியவே இல்லையா மாமா?"

ஞானதுரை தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "எப்படித் தெரியும் மாப்ளே, நான் இன்னும் ரெண்டாவது வளைவையே தாண்டலையே!"