ஊதுங்க பாய்

“ஊதுங்க பாய்.”

முதலாளி காசிராஜன் நீட்டிய காகிதக் கூம்புக்குள் டிரைவர் அய்யூப் ஊதினார்.

ராஜபாளையம் ஷெட்டில் தினமும் நடக்கிற சோதனைதான். போன வருஷம் ஒரு டிரைவர் குடித்துவிட்டு பஸ்ஸைக் கவிழ்த்ததிலிருந்து, காலையில் ஊதிக் காட்டாமல் யாரும் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. அய்யூபை மட்டும் பேருக்குத்தான் ஊதச் சொல்வார் காசிராஜன். “பாயைப் பாத்துக் கத்துக்கிடுங்கலே” என்று மற்ற டிரைவர்களிடம் சொல்லவும் செய்வார்.

இன்று அய்யூப் ஊதுவது இரண்டாவது தடவை.

காலை டிரிப்பில், மடவார் வளாகம் வருவதற்குச் சற்று முன்னால், நேரான ரோட்டில் பஸ் தானாக இடதுபக்கம் இறங்கிவிட்டது. கண்டக்டர் கருத்தப்பாண்டி பாய்ந்துவந்து ஸ்டியரிங்கை வலதுபக்கம் ஒடித்தான். வண்டி புளியமரத்தை உரசிக்கொண்டு நின்றது. இல்லாவிட்டால் நேரே கிணறு.

கீழே இறங்கிய அய்யூபுக்குக் கால் தள்ளாடியது. கேட்ட கேள்விக்கு நாக்கு குழறியது. பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

யாருக்கும் அடியில்லை. ஆனால் முன்சீட்டில் ஒரு சிறுமி, தூக்குவாளியை நெஞ்சோடு அணைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை இன்னும் அவரை விட்டுப் போகவில்லை.

காசிராஜன் கூம்பை மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு முறை ஆழமாக இழுத்து முகர்ந்தார்.

“வாடையே இல்லையே.”

அய்யூப் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“ஏறுங்க பாய். ஆஸ்பத்திரியில ரத்தத்தை டெஸ்டுக்குக் குடுத்துருவோம். டாக்டர் தலையிலருந்து கால் வரைக்கும் பாத்துச் சொல்லட்டும். செய்யாத தப்புக்கு உங்க மேல பழி வரக் கூடாதுல்லா?”

நல்ல மனசோடுதான் சொன்னார். அய்யூப் ஓரடி பின்வாங்கினார்.

அம்பாசிடரின் கதவு திறந்திருந்தது. முதலாளியின் கார் டிரைவர் ஸ்டார்ட் செய்துவிட்டான்.

“குடிச்சேன் முதலாளி.”

அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

“ஏலக்காயை மென்னு வாடையை மறைச்சுட்டேன்.”

ஸ்பானர் சத்தம் நின்றது. டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த அபுபக்கர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பார்த்த வேகத்தில் குனிந்துகொண்டார். மதியம் லுஹர் தொழுகைக்குள் பள்ளிவாசல் முழுக்கத் தெரிந்துவிடும்.

“நீங்களா பாய்?”

காசிராஜன் கூம்பைக் கசக்கிக் கீழே போட்டார். கோபத்தைவிட அவமானம்தான் அவர் முகத்தில் அதிகம்.

“ஒரு மாசம் இந்தப் பக்கம் வராதீங்க. பொறவு பாப்போம்.”

பொறவு என்றால் வேலை போகவில்லை. அதை நினைத்துக்கொண்டே அய்யூப் வீட்டுக்கு நடந்தார். டீக்கடையில் பேச்சு நின்றது. வழக்கமாக சலாம் சொல்கிறவர்கள் தினத்தந்தியை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் நினைப்பதே நல்லது என்று தோன்றியது.

செய்தி அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. வாசலில் அவர் மனைவி ஹபீபுன்னிசா நின்றிருந்தாள். அவர் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள். அவர் வாயருகே முகத்தைக் கொண்டுவந்து முகர்ந்தாள்.

நம்ப முடியாமல் இன்னொரு தடவை முகர்ந்தாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நெசமாவே குடிச்சிருக்கக் கூடாதா நீங்க?”

இதே வீட்டில் இரண்டு முறை வலிப்பு வந்து அவர் கை இழுத்துக்கொண்டபோது, உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணித்தவள் அவள். வெளியே தெரிந்தால் இனி எந்த பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு, அக்கம்பக்கத்தில் மூச்சுவிடாமல் இருந்தவளும் அவள்தான்.

“வண்டியில பிள்ளைக இருந்துச்சா?”

அய்யூப் சட்டைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அவள் மடியில் போட்டார்.

“எங்கயாவது ஒளிச்சு வச்சிரு. மாசம் முடிஞ்சு நானே வந்து உன் காலைப் பிடிச்சாலும் குடுத்துராத.”