பெயர் மறைத்த படம்

மருத்துவ மாணவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடி வார்டில் அண்ணன் படுத்திருக்கிறான். அவனுக்குச் சிறுநீரகம் தருவதற்காக அவள் எடுத்த ஸ்கேனுக்கு இன்றுதான் பதில். இந்த நேரம் பார்த்தா வாய்மொழித் தேர்வு?

பேராசிரியர் ஒரு படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். தேர்வு வழக்கப்படி, நோயாளியின் பெயர்மேல் பிளாஸ்திரி.

“என்ன தெரியுது?”

“பிறவியிலேயே ஒரு கிட்னிதான் சார்.”

“அது அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சிருக்காது சார். ஒண்ணை வச்சே ஆயுசு முழுக்க ஓட்டிடலாம்.”

“அவங்க தானம் பண்ணணும்னு வந்து நின்னா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இருக்கிற ஒண்ணையும் குடுத்துட்டு என்ன பண்ணுவாங்க? வீட்டுக்கு அனுப்பிடணும் சார்.”

பேராசிரியர் மதிப்பெண் போடவில்லை. பேனாவை மூடினார்.

“எனக்குச் சொல்ல வாய் வரலம்மா. பிளாஸ்திரியை நீயே பிரிச்சுப் பாரு.”

தன் பெயரைப் படிக்க அவளுக்கு முதலெழுத்தே போதுமாக இருந்தது.