அஃப்ராஸ் மறுத்த மேடை

கொழும்பிலிருந்து வந்தவர் மூன்றாவது தடவையாகக் கேட்டார். அஃப்ராஸ் மூன்றாவது தடவையாக எழுந்து, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

முன்னறையில் வாசலோரக் கதிரையில் அவர். திரையோரக் கதிரையில் நான். மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது.

வந்தவர் பெயர் மின்ஹாஜ். கொழும்பில் பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அடுத்த மாதம் பெரிய மேடை ஒன்று போடுகிறார். தமிழில் ராப் பாடுகிறவர்களைப் பொறுக்கியெடுத்து மேடையேற்றி, பிறகு லண்டனுக்கும் கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஒரே ஓர் இடம்தான் மிச்சம். அதை ‘உப்புக்காத்து’க்கு என்று ஒதுக்கி வைத்துக்கொண்டு, கற்பிட்டி வரைக்கும் காரோட்டி வந்திருக்கிறார். இன்றைக்குச் சரி என்று சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

உப்புக்காத்து என்றால் அஃப்ராஸ்.

இணையத்தில் வரும் அந்தப் பாட்டுகளில் முகம் இருக்காது. உப்பளம் வரும், கருவாடு காயும் பந்தல் வரும், அதற்குமேல் ஒரு தடித்த குரல் மூச்சு விடாமல் போகும். ஆள் யாரென்று வெகுநாள் தெரியாமலே இருந்தது. ஒரு பாட்டின் மூலையில் அஃப்ராஸின் போன் திருத்தும் கடைக் கதவு தெரிந்துவிட, பொடியன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அவன் இல்லையென்றும் சொல்லவில்லை, ஓமென்றும் சொல்லவில்லை.

நேரில் பேசினால் அவன் குரல் மெல்லிசு. குரலையெல்லாம் மெஷினில் போட்டு மாற்றலாம் என்று மட்டும் விளக்கம் சொல்வான்.

எனக்கு அவன்மேல் நெடுநாள் கோபம். உப்புக்காத்தின் பாட்டு ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். என் ஓட்டோவில் வேறு பாட்டே போடுவதில்லை. இப்படி ஒருத்தன் எங்கள் ஊரில் பிறந்ததே பெரிய விஷயம். அவனோ போன் கண்ணாடி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கல்யாண வீட்டில் கேட்டாலும் பாட மாட்டான், விளையாட்டுப் போட்டியில் கேட்டாலும் பாட மாட்டான். அப்படி என்ன பெருமை என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். சிரிப்பான்.

திரைக்கு உள்ளே குசுகுசுப்பு. அவன் குரல் ஏறுவதும் அடங்குவதுமாக இருந்தது. அவனுடைய மனைவி மர்ஷூதாவின் குரல் ஒரே சொல்லில் முடிந்தது. எங்களுக்குப் பால் விடாத பிளேன்டி தந்தபோதும் அவள் கை மட்டும்தான் திரையோரம் தெரிந்தது.

மின்ஹாஜ் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பொண்டாட்டி கிழித்த கோட்டைத் தாண்டாத ஆள் என்று அர்த்தம். இருவரும் சத்தமில்லாமல் சிரித்தோம். சிரித்தாலும் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளே ஓடி அனுமதி வாங்குகிற இவனை நம்பித்தானே அவரை வழிகாட்டிக் கூட்டிவந்தேன்.

அஃப்ராஸ் வெளியே வந்து கதிரையில் உட்கார்ந்தான். மேடை வேண்டாம் என்று சொன்னான்.

மின்ஹாஜ் விடவில்லை. கைபேசியை எடுத்து, நேற்று வந்த பாட்டைப் போட்டார்.

வெயில் குடிச்ச தண்ணி உப்பாகும்,
வாய்க்குள்ள பூட்டுன சொல்லு என்னாகும்?

அந்த இடத்தில் நிறுத்தினார். மிச்சத்தை இப்போது, இங்கே, மைக் இல்லாமல் பாடிக் காட்டச் சொன்னார். தனக்காக இல்லையாம். அவன் யாரென்று அவனுக்கே தெரிய வேண்டுமாம்.

அஃப்ராஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பாட்டை இப்படிப் பாதியில் வெட்டினால் எனக்குத் தாங்காது. என் நாக்கே துடித்தது.

அப்போது உள்ளேயிருந்து பெண்குரல் ஒன்று படபடவென்று பொரிந்தது. அடங்கிய குரல்தான். ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டது போலச் சட்டென்று நின்றது.

எனக்குப் பிளேன்டி புரையேறியது.

“உள்ளுக்குப் பிள்ளைக்கு ஏச்சு விழுது போல,” என்றார் மின்ஹாஜ்.

“ஓம். சோறு தின்னுறானில்ல,” என்றான் அஃப்ராஸ். முகம் வெளுத்துப்போயிருந்தது.

அதோடு பேச்சு முடிந்தது. மின்ஹாஜ் என்னை ஓட்டோ தரிப்பிடம் வரைக்கும் தன் காரில் ஏற்றிப்போனார். வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தார். நாலு வரியை வாய்விட்டுப் பாடத் துணியாதவனுக்குத் திறமை இருந்து என்ன பிரயோசனம் என்றார். வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்த இடத்தை மாத்தளைப் பொடியன் ஒருவனுக்குக் கொடுத்துவிடும்படி போனில் சொன்னார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் காரைத் திருப்பியிருப்பார். அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

என்னை இறக்கிவிட்டு, பாலாவிப் பக்கமாகக் கார் போனது.

அஃப்ராஸுக்குப் பிள்ளை இல்லை.

உள்ளே கேட்டது அந்தப் பாட்டின் அடுத்த நாலு வரி. ஓர் எழுத்துப் பிசகவில்லை. மெஷின் தடிப்பு ஏற்றாத குரல் என்பது மட்டும்தான் வித்தியாசம். மின்விசிறிச் சத்தத்தில், வாசலோரம் இருந்தவருக்குச் சொல் எதுவும் பிடிபடவில்லை. அவர் தேடி வந்த ஆள் அவருக்குப் பாடியே காட்டிவிட்டாள்.

அனுமதி கேட்கப் போகிறான் என்றுதானே நாங்கள் சிரித்தோம். பாவி, மூன்று தடவையும் அவன் மர்ஷூதாவிடம் கெஞ்சிவிட்டு வந்திருக்கிறான், மேடைக்குப் போகச் சொல்லி.