போர்வை

படிப்பவரின் நாடி எகிறினால் கொடூரமான வரிகளைத் தானே மாற்றி எழுதிவிடும் கருவியில்தான் இப்போது எல்லோருமே புத்தகம் படிக்கிறார்கள்.

முள்ளிவாய்க்காலில் தன் கண்ணால் கண்டதைத் தவமலர் புத்தகமாக எழுதியிருந்தாள். பதுங்குகுழிக்குள் ஷெல் துண்டு அண்ணன் குணாளனின் வயிற்றைக் கிழித்ததையும், சரிந்த குடலை இரு கைகளாலும் உள்ளே தள்ளித் தள்ளித் தான் தோற்றுப்போனதையும் ஒரு சொல்கூடக் குறைக்காமல் எழுதியிருந்தாள்.

மகள் ஆரணி படித்து முடித்துவிட்டு, தாயின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"மாமா பங்கருக்குள்ள நித்திரை எண்டுதானே எழுதியிருக்கிறீங்கள். பிறகேனம்மா அவரை எழுப்பாமல் விட்டுட்டு ஓடி வந்தனீங்கள்?"

தவமலர் பதறிப்போய்க் கருவியைப் பிடுங்கி அந்தப் பக்கத்தைத் தேடினாள். அவளுக்கும் நாடி எகிறியது. அவள் கண்முன்னாலேயே வரிகள் இன்னொரு முறை மாறி, உறங்கும் அண்ணனுக்கு ஒரு போர்வையையும் போர்த்திவிட்டன.